புதுப்பிப்பு: பக்கி உடலில் வந்த நட்சத்திர விரிசல்

டியூன் பக்கி (மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த சிறு கார்) செய்ய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தை 14¼ அங்குலம் வெட்டிக் குறைத்து, மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பிரபல பக்கியின் பாணி ஃபைபர்கிளாஸ் உடலைப் பொருத்தியபோது முன்வளைவில் விரிசல் தெரிந்தது. விரிசலைப் புட்டி பூசி அடைத்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

போதாது. விரிசல் தெரிவது ஜெல்கோட்டில், அதாவது ஃபைபர்கிளாஸின் வழவழப்பான வெளிப்பூச்சில். காரணம் அடியில் உள்ள மெல்லிய அடுக்கு வளைந்துகொடுப்பதுதான். உட்புறத்தை 80 கிரிட் தாளால் நன்றாகத் தேய்த்து (முகமூடி கட்டாயம்), இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசின் பூசி ஒட்டினேன். அப்புறம்தான் வெளியே கீறி நிரப்பினேன். குளிரில் பாலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது. கராஜை முன்பே சூடாக்கி, ஹீட்டரை அணைத்த பிறகே கலந்தேன். ஏனென்றால் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தீப்பற்றும். இப்போது அழுத்தினாலும் அசையவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி!

அடுத்தது வயரிங். உலோக உடல் போல ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயர்) இழுக்க வேண்டும்.