ஒயரிங் வேலைக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: மேல்மாடி எடுக்கிறோம். கான்ட்ராக்டர், தன் நிறுவனம் பதிவு செய்தது, ஒயரிங், பிளம்பிங் எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்கிறார். நம்பலாமா?

பதில் 1: பதிவு என்றால் தொழில் நடத்துகிறார் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். லைசென்ஸ் என்பது பயிற்சி, அனுபவம், பல இடங்களில் தேர்வும் பார்த்துக் கொடுப்பது. கரண்ட் வேலைக்குப் பெரும்பாலும் தனியாகவே கேட்பார்கள், ஏனென்றால் பூச்சு பூசிவிட்டால் உள்ளே எந்த ஒயரை எப்படி முறுக்கி விட்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பதில் 2: அட்டையைத் தூரத்தில் காட்டினால் தலையாட்டாதீர்கள் சார். பெயர், வேலைப் பிரிவு, காலாவதி தேதி பாருங்கள், எண்ணை வழங்கிய துறையிடமே சரிபாருங்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், வேலைக்கு வருவது வேறொருவர். இது சகஜம்.

பதில் 3: அப்புறம் இன்சூரன்ஸ். சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் யார் பொறுப்பு? எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கேட்டவர்: நன்றி. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, முதலில் எலக்ட்ரீஷியனின் லைசென்ஸ் நகலைக் கேட்கிறேன்.