கிளென் கூல்ட்: 1955-க்கு முன் கற்றது என்ன, மேடையில் வாசித்தது என்ன?

கேள்வி (கேட்பவர்: நாலாம்விரல்)

இசை ரசிகர் வட்டத்துக்காக கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பற்றி 90 நிமிடக் கேட்பு அமர்வு ஒன்று தயாராகிறது. இசைத்தட்டுகளை அடுக்கினால் பாக், பாக், மறுபடியும் பாக் என்றுதான் வருகிறது. மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

1. அவரை உருவாக்கியவர்கள் யார், எந்த வயதில்?
2. மேடையை விட்ட 1964 வரை ரசிகர்கள் முன்னால் உண்மையில் எதை வாசித்தார்? ஸ்டூடியோப் பதிவுகளோடு கலக்காமல் வேண்டும்.
3. வாசிக்கும்போது அவர் உட்காரும் அந்தக் குட்டை நாற்காலி வெறும் வித்தைதானா? வந்திருப்பவர்களில் பியானோ மாணவர்களும் இருப்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

பதில் (அடிக்குரல்)

டொரான்டோவில் 25 செப்டம்பர் 1932-இல் பிறந்தவர். பத்து வயது வரை தாய் ஃப்ளாரன்ஸ்தான் ஆசிரியை. வாசிக்கும்போதே பாடும் பழக்கம் அங்கே வந்தது. பிற்காலப் பதிவுகளில் கேட்கும் முணுமுணுப்புக்கு வேர் அதுதான். பிறகு டொரான்டோ கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) சிலி நாட்டவரான ஆல்பர்ட்டோ குவெரேரோவிடம் 1943 முதல் 1952 வரை பியானோ. ஃபிரடெரிக் சில்வெஸ்டரிடம் ஆர்கன். லியோ ஸ்மித்திடம் இசைக் கோட்பாடு.

ஆர்கனைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அங்கே அடிக்குரலை, அதாவது தாழ்ந்த ஸ்வர வரியை, கால் வாசிக்கிறது, கைக்கு அதில் வேலையில்லை. அப்படிப் பழகியவர் பியானோவிலும் இடதுகை வரியைப் பக்கவாத்தியமாக நினைப்பதில்லை. விசையை அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஒலி நிற்கும் என்பதால், பெடலை நம்பாமல் விரலாலேயே கோர்க்கும் பழக்கமும் கூடவே வரும். அவர் 1945 டிசம்பரில் ஈட்டன் ஆடிட்டோரியத்தில் வாசித்ததும் ஆர்கன்தான்.

இப்போது பட்டியல். மே 1946-இல் கன்சர்வேட்டரி இசைக்குழுவோடு பேத்தோவனின் 4-ஆம் பியானோ கான்செர்ட்டோவில் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் பகுதி மட்டும். ஜனவரி 1947-இல் டொரான்டோ சிம்பனியோடு அதே கான்செர்ட்டோ முழுமையாக. அக்டோபர் 20, 1947 தனிக் கச்சேரியில் ஸ்கார்லாட்டி சொனாட்டாக்கள், பேத்தோவனின் ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 31 எண் 2, ஷோப்பான், லிஸ்ட், மெண்டல்சோன். பதினைந்து வயதுப் பையனுக்கு எந்த ஆசிரியரும் போட்டுக்கொடுக்கக்கூடிய நிரல்தான்.

ஜனவரி 11, 1955, நியூயார்க் டவுன் ஹால் நிரலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஸ்வேலிங்க், கிப்பன்ஸ், பாக்கின் ஐந்து மூன்று-குரல் இன்வென்ஷன்கள் (மூன்று தனி வரிகள் பின்னி ஓடும் சிறு துண்டுகள்), 5-ஆம் பார்ட்டிட்டா (நடன வகைத் துண்டுகளின் தொகுப்பு), வெபர்னின் ஓபஸ் 27, பேத்தோவனின் ஓபஸ் 109, பெர்க்கின் ஓபஸ் 1. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருபதுக்கு வரும் வழியில் ஷோப்பான், ஷூமன், லிஸ்ட் மூவரையும் தாண்டிப் போகிறார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் பேசியது மறுநாள். அமர்வை இந்த இரண்டு நிரல்களுக்கு நடுவில் நிறுத்தினால் ஏழு ஆண்டுக் கதை தானாக வந்துவிடும்.

மே 1957-இல் மாஸ்கோ: பாக்கின் ஆர்ட் ஆஃப் ஃபியூக்கிலிருந்து நான்கு ஃபியூக்குகள் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்), 6-ஆம் பார்ட்டிட்டா, ஓபஸ் 109, பெர்க். இடைவேளையில் ஆட்கள் தொலைபேசியில் செய்தி சொல்ல, பாதி காலியாக இருந்த அரங்கு இரண்டாம் பாதியில் நிறைந்தது. சில நாள் கழித்து கன்சர்வேட்டரி மாணவர்களுக்கு வெபர்னும் கிரெனெக்கும் வாசித்தார். சோவியத் அதிகாரம் முகம் சுளித்த இசை அது. சிலர் எழுந்து போனார்கள். கடைசிக் கச்சேரி ஏப்ரல் 10, 1964, லாஸ் ஏஞ்சலஸ். அங்கேயும் ஆர்ட் ஆஃப் ஃபியூக், பேத்தோவன், ஹிண்டமித்தின் 3-ஆம் சொனாட்டா. மொத்தக் கச்சேரிகள் 200-ஐத் தொடவில்லை.

பதில் (தாழ்வாரம்)

நாற்காலி பற்றி. 1953-இல் தந்தை ஒரு மடக்கு நாற்காலியின் கால்களை அறுத்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் திருகு வைத்துக் கொடுத்தார். இருக்கை தரையிலிருந்து 14 அங்குலம், ஏறத்தாழ 35.5 செ.மீ. வழக்கமான பியானோ பெஞ்ச் 48–50 செ.மீ. அதுவும் போதாமல் பியானோவின் கால்களுக்கடியில் 3 செ.மீ. அளவு கட்டைகள் வைத்தார்.

வித்தை இல்லை; குவெரேரோவும் தாழ உட்காருபவர். முழங்கை விசைப்பலகைக்குக் கீழே போனதும் கையின் எடை விசைமேல் இறங்காது, வேலை முழுதும் விரலுக்குப் போகும். மூன்று குரலை மூன்று தனித்தனி அழுத்தத்தில் வாசிக்க இது வசதி. இரண்டு கையும் நிறைய ஸ்வரங்களோடு ஓங்கி ஒலிக்க வேண்டிய இடத்தில் நஷ்டம்.

மாணவர்கள் வீட்டில் முயன்று பார்க்கத்தக்கது நாற்காலியை விட குவெரேரோவின் தட்டும் பயிற்சி. ஒரு கையின் ஐந்து விரல்களையும் விசைமேல் தளர்வாக வையுங்கள். ஒலிக்க வேண்டிய விரலின் நுனியை மற்றக் கையால் தட்டி விசையின் அடிவரை இறக்குங்கள். அந்த விரல் தானாக எதையும் செய்யக்கூடாது; விசை எழும்போது கூடவே எழ வேண்டும். நான்கு தாளக்கட்டு இப்படித் தட்டிய பிறகு, அதே பகுதியை அதே விரலால் மெதுவான காலத்தில் வாசியுங்கள். காலம் மெதுவாக இருந்தாலும் விரல் இறங்குவது வேகமாக இருக்கட்டும்.

கெடுவது மூன்று இடத்தில். தட்டு விழும் முன்பே விரல் முந்திக்கொண்டு அழுத்தும். அப்படியானால் பயிற்சிக்குப் பொருளே இல்லை. பலமாகத் தட்டினால் மணிக்கட்டு மடங்கும். நான்காம் விரலைத் தட்டும்போது ஐந்தாவது விறைத்து நிற்கும். அங்கே நின்று, தளர்ந்த பிறகு தொடருங்கள்.

பெஞ்சைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் 2 செ.மீ. மட்டும். முதுகு கூன் போட்டால் உடனே பழைய உயரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கூல்டுக்கே முதுகும் கையும் பிற்காலத்தில் தொல்லை கொடுத்தவை.

கேள்வி தொடர்ச்சி (நாலாம்விரல்)

அப்படியானால் ஷோப்பான், ஷூமன், லிஸ்ட் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் படைப்புகளை அவர் தொடாததற்கு நாற்காலிதான் காரணம் என்று சொல்லலாமா?

பதில் (அடிக்குரல்)

சொல்லாதீர்கள், யாராவது மடக்கிவிடுவார்கள். பிராம்ஸின் டி மைனர் கான்செர்ட்டோவை ஏப்ரல் 1962-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்திருக்கிறார். இந்த வேகம் எனக்கு உடன்பாடில்லை என்று இசைக்குழுவை நடத்திய பெர்ன்ஸ்டைன் மேடையிலேயே அறிவித்தாரே, அந்தக் கச்சேரிதான். பிராம்ஸ் இன்டர்மெட்ஸோக்களின் தட்டும் உண்டு. பேத்தோவனின் 5-ஆம் சிம்பனியை லிஸ்ட் பியானோவுக்கு மாற்றியதைப் பதிந்திருக்கிறார், அதில் ஆக்டேவுக்கு (எட்டு ஸ்வர இடைவெளியில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துவதற்கு) பஞ்சமே இல்லை. முடியாமல் விட்டவர் இல்லை, பிடிக்காமல் விட்டவர். குரல்கள் பின்னி ஓடும் இசையே அவருக்கு ருசித்தது. நாற்காலி அந்த ருசிக்குத் தோதாக அமைந்தது, அவ்வளவே.

பதில் (தாழ்வாரம்)

ஒலிக்க விடும்போது ஒரு எச்சரிக்கை. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் 1955 பதிவு 38 நிமிடம், 1981 பதிவு 51. வேகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள்: முதலாவதில் திருப்பி வாசித்தலே கிடையாது, இரண்டாவதில் சில பகுதிகள் திரும்ப வருகின்றன. நேர்மையான ஒப்பீட்டுக்குத் தொடக்க ஆரியா (மொத்தப் படைப்புக்கும் அடிப்படையான முதல் துண்டு) போதும். இரண்டிலும் திருப்பல் இல்லாமலே முதலாவது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, பின்னது மூன்றுக்குச் சற்று மேல். உங்களுக்கு மேடைப் பதிவுதான் வேண்டும் என்றால் 1959 சால்ஸ்பர்க் கோல்ட்பெர்க்கை எடுங்கள். முணுமுணுப்பு கேட்க ஹெட்ஃபோன் நல்லது. கூடத்தில் பாஸைக் கூட்டி வைத்தால் அது அமுங்கிவிடும்.