இன்டர்ன்ஷிப் ஓபியில் பேட் ஒட்டியே காலம் போகிறது, வொர்க்‌ஷாப் போகலாமா?

இன்டர்ன்_தம்பி:
பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) நாலு வருஷம் முடித்து இப்போது இன்டர்ன்ஷிப். என்னைப் போட்டிருப்பது ஓபியில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில். காலையில் வந்ததும் வரிசை நிற்கும், இடுப்பு வலி என்றால் பேட் ஒட்டிக் கரன்ட் வைக்கிற ஐஎஃப்டி, முழங்கால் என்றால் சூடான மெழுகு வைக்கிற வேக்ஸ், கழுத்து என்றால் இழுத்துப் பிடிக்கிற ட்ராக்‌ஷன், டைமர் அடித்ததும் கழற்றிவிட்டு அடுத்தவர். சீனியர் ஒருவர் "வார இறுதியில் மல்லிகன் கோர்ஸ் ஒன்று போய்ட்டு வா, அப்பதான் கை பழகும்" என்கிறார். மூட்டைக் கையால் நகர்த்திப் பிடித்து வலியைக் குறைக்கிற முறைதான் மல்லிகன். ஃபீஸ் கொஞ்சநஞ்சமில்லை, அப்பாவிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போகலாமா, இல்லை இங்கேயே ஏதாவது கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

வார்டு_அக்கா:
காசை வீணாக்காதே தம்பி. நியூரோ வார்டு போஸ்டிங் எப்படியாவது கேட்டு வாங்கு. பக்கவாதம் வந்தவரைக் கட்டிலில் இருந்து வீல்சேருக்கு மாற்றத் தெரியாமல் சர்டிஃபிகேட்டோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீல்சேரை அவருடைய நல்ல பக்கம் போடணும், பிரேக் பூட்டணும், ஃபுட்ரெஸ்ட்டைத் தூக்கணும், இடுப்பைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கணும், அப்புறம் மூக்கு கால்விரலுக்கு மேலே வருகிற அளவு முன்னால் சாயச் சொல்லி, உன் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பைப் பிடித்து எழுப்பணும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஏற்கெனவே தொங்குகிற தோள் மூட்டு இன்னும் இறங்கும். இதை எந்த வொர்க்‌ஷாப்பும் சொல்லித் தராது, சக மாணவனை வைத்துப் பழகினாலும் வராது, ஏனென்றால் அவன் தன்னையறியாமல் உனக்கு உதவி செய்துவிடுவான்.

கோவை_கிளினிக்:
அக்கா சொல்வது வார்டுக்குச் சரி. ஆனால் பையன் நாளைக்கு வேலைக்குப் போகப்போவது என்னைப் போன்ற ஒரு கிளினிக்குக்கு. அங்கே வருவது கழுத்து வலி, தோள் வலி, முதுகு வலி. வந்தவர் முதல் நாளே ஏதாவது வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கல்லூரியில் மூட்டைக் கையால் அசைத்துக் கொடுக்கிற மொபிலைசேஷன் எப்படிக் கற்றுத் தந்தார்கள்? ஒரே ஒரு மாணவன் படுத்திருப்பான், சார் செய்து காட்டுவார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மேலேயிருந்து ஒருவர் நம் கட்டை விரலைப் பிடித்து "இங்கே அழுத்தாதே, கோணத்தை மாற்று" என்று சொல்வது வொர்க்‌ஷாப்பில்தான் நடக்கிறது. அதற்குக் காசு கொடுப்பது தப்பா?

வார்டு_அக்கா:
தப்பில்லை. ஆனால் திங்கள்கிழமை வந்ததும் எல்லாக் கழுத்துக்கும் அதே டெக்னிக். போன மாதம் டேப்பிங், இந்த மாதம் கப்பிங், அடுத்த மாதம் நீடில். செய்வதற்கு முன்னால் அளந்தாயா, செய்த பிறகு அளந்தாயா என்று கேட்டால் பதில் வராது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கோனியோமீட்டர் டிராயரில் புதுசாகவே இருக்கும்.

கோவை_கிளினிக்:
மல்லிகனைப் பற்றித் தெரியாமல் பேசுகிறீர்கள். அந்த முறையே அளப்பதில்தான் தொடங்குகிறது. வலிக்கிற அசைவை முதலில் அவரே செய்து காட்டணும், உதாரணமாகக் கழுத்தை வலது பக்கம் திருப்புவது. அப்புறம் முள்ளெலும்பைக் கண் பக்கமாக மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதே அசைவைத் திரும்பச் செய்யச் சொல்கிறோம். துளிகூட வலிக்கக் கூடாது. வலித்தால் கோணத்தை மாற்று, இல்லை ஒரு மட்டம் மேலே கீழே போ, அப்படியும் வலித்தால் விட்டுவிடு, இது அவருக்கானது இல்லை. டெஸ்டும் ட்ரீட்மென்ட்டும் ஒரே இடத்தில். அரைகுறையாகச் செய்கிறவனைக் காட்டி முறையைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் வார்டில் மட்டும் எல்லாம் அளந்துதான் நடக்கிறதா? "ஸ்ட்ரோக் வந்ததா, சீக்கிரம் எழுப்பு, அடிக்கடி எழுப்பு" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2015இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வு 2,104 பேரைப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்களுக்கு, 3 மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடப் பலன் குறைவு.

வார்டு_அக்கா:
அவெர்ட் எனக்கும் தெரியும். அந்த ஆய்வை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர்கள், கொஞ்ச நேரமாகவும் பல தடவையாகவும் எழுப்புவது நல்லது என்ற பக்கம்தான் சாய்ந்தார்கள். ஒரேயடியாக நீளமாக நடக்க வைத்ததுதான் சிக்கல். பழக்கத்தை ஆய்வு திருத்தியது, நாங்களும் மாற்றிக்கொண்டோம். உங்கள் வொர்க்‌ஷாப்காரர்கள் எதையாவது கைவிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை, சேர்த்துக்கொண்டேதான் போகிறார்கள்.

வீடுதேடி_பிசியோ:
இருவருமே உங்கள் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருகிற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கிறேன். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய திட்டம்தான். ஒரு வீட்டில் நான் இருப்பது கொஞ்ச நேரம், மற்ற நேரமெல்லாம் மருமகளோ பேரனோதான். பாட்டியைக் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுப்ப, விளங்காத கையையே பிடித்து இழுப்பார்கள், பாசத்தில்தான். அந்தக் கட்டில் தாழ்வு, நடுவில் பள்ளம், யாராக இருந்தாலும் எழ முடியாது. பலகை போட்டு உயர்த்துங்கள் என்று சொல்லி, மருமகளை என் கண் முன்னால் எழுப்ப வைத்துப் பார்ப்பேன். "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்யச் சொன்னால்தான் தெரியும். முழங்கால் மூட்டு மாற்றியவரிடம் 90 டிகிரி மடங்குகிறதா என்று பார்ப்பதோடு வீட்டில் கக்கூஸ் எந்த மாதிரி என்றும் கேட்கணும். ஓபியில் யார் கேட்கிறார்கள்? தம்பி, நீ கற்க வேண்டியது இது. வொர்க்‌ஷாப்பிலும் இல்லை, உங்கள் வார்டிலும் இல்லை.

இன்டர்ன்_தம்பி:
மூன்று பேரும் சொல்வது புரிகிறது, ஆனால் நான் இருக்கிற இடத்தைப் பாருங்கள். போஸ்டிங் கேட்டால் "ஓபிக்கு ஆள் இல்லை" என்கிறார்கள். நோயாளியைத் தொடப் போனால் கூட வந்தவர் "பெரிய டாக்டர் இல்லையா" என்று என்னைத் தாண்டிப் பார்க்கிறார். கையே வைக்க விடாத இடத்தில் கை எப்படிப் பழகும்?

கோவை_கிளினிக்:
இதைத்தான் நான் சொல்கிறேன். பல இடங்களில் இன்டர்ன் என்றால் சம்பளமில்லாத அட்டெண்டர். இருக்கிற இடத்திலேயே கற்றுக்கொள் என்று அறிவுரை சொல்வது சுலபம்.

வார்டு_அக்கா:
அறிவுரை வேண்டாம், வேலையாகவே சொல்கிறேன். நாளைக்கு இடுப்பு வலி என்று வருகிறவருக்குப் பேட் ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடி நடக்கச் சொல். ஒரு பக்கம் பாதம் தொப்பென்று விழுந்தால், கணுக்காலை மேலே தூக்குகிற தசை பலவீனம், நரம்பு அழுந்தியிருக்கலாம், அவர் பத்து நாள் ஐஎஃப்டி வாங்க வேண்டியவர் இல்லை, டாக்டர் பார்க்க வேண்டியவர். இரவில் படுத்தாலும் விடாத வலியா, உடம்பு இளைத்திருக்கிறதா, உட்காருகிற இடத்தில் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் மாற்றமா என்று கேள். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதையும் கேள், அதைக் கேட்காமல் கரன்ட் வைக்கவே கூடாது. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், வரிசையும் நிற்காது. இரண்டு கேள்வி கேட்டாலே உன்னைத் தாண்டிப் பார்த்தவர் உன்னைப் பார்க்க ஆரம்பிப்பார்.

கோவை_கிளினிக்:
சரி, குதிகாலில் நடக்க வைத்தாச்சு, எல்லாம் நார்மல். வலி மட்டும் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். அப்புறம் என்ன செய்வான்? மறுபடி பேட் ஒட்டுவானா?

வீடுதேடி_பிசியோ:
உடற்பயிற்சி சொல்லித் தந்து, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அதே ஆளைத் திரும்பப் பார்க்கணும். அதே ஆளை. ஓபியில் ஒவ்வொரு நாளும் வேறு இன்டர்ன் கையில் மாட்டினால் யாருக்குமே என்ன நடந்தது என்று தெரியாது.

இன்டர்ன்_தம்பி:
ஒரு சந்தேகம். உண்மையிலேயே ஒருவர் இருக்கிறார், வலது பாதம் விழுகிறது, நேற்று அக்கா பதிவைப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னேன். சீனியர் "கேஸ் ஷீட்டில் நீ எதுவும் எழுதாதே, ரெஃபரல் எழுதியவர் கோபிப்பார்" என்கிறார். விட்டுவிடவா?

வார்டு_அக்கா:
எழுது. தேதி, நேரம், கண்டது, தசை பலம் எந்தக் கிரேடு, உன் பெயர். ட்யூட்டி டாக்டரிடம் வாயாலும் சொல். மரத்துப் போவது, சிறுநீர் பற்றி இன்றைக்கே கேள், அதில் ஏதாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே, உடனே அனுப்பணும்.

கோவை_கிளினிக்:
இந்த ஒன்றில் அக்காவோடு உடன்படுகிறேன், கண்டிப்பாக எழுது. வொர்க்‌ஷாப் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. ஃபீஸ்தான் பிரச்சினை என்றால் ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்கு வா, சும்மா நின்று பார். காசு வேண்டாம்.