சூரியன் வரைந்த மாத்திரைக் கவர்

கம்பம் பக்கம் ஒரு கிராமத்தில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் நிறைய வீடுகளில் பெண்கள் விடியுமுன்பே ஜீப்பு ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவின் இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். திரும்ப இருட்டிவிடும்.

அவர்களில் ஒரு அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேல். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். அவருடைய பராமரிப்புத் திட்டத்தை எழுதியது நான்தான். 'காலைச் சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதி, கவரின் மேல் பேனாவால் ஒரு சூரியனும் வரைந்து கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள், ஏலச்செடித் தட்டைக்கு அடியில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வெளியே தூறலும் குளிரும். அந்தக் குளிரிலும் ரவிக்கை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். பிரஷர் கூடிருச்சு என்றார்களாம் சிலர். அம்மாவுக்குச் சுகர் உள்ள ஒரு பெண் மட்டும் ஓடிப்போய், டீ போடுகிற இடத்திலிருந்து சீனி எடுத்து வந்து தண்ணீரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, விழுங்கத் தெம்பு இருந்தது. கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் கவரை எடுத்துக் காட்டி, "நீங்க எழுதிக் குடுத்தபடிதானே நர்ஸம்மா சாப்பிட்டேன்" என்றார். நாலரை மணிக்கு எழுந்ததும் வரக்காப்பியோடு மாத்திரை. தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட மணி பத்து ஆகிவிடும். நடுவில் ஐந்தரை மணி நேரம், மலைப்பாதையில் குலுங்கிப் போகிற பயணம், போனதும் வேலை. வயிற்றில் ஒன்றும் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் சுகர் இப்படித் தாழாது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் ஜீப்பு ஏறும்போது சூரியனே வந்திருக்காது என்பதை நான்தான் யோசிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அளவைக் குறைத்து, மாத்திரையை முதல் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். புதுக் கவரில் சூரியனுக்குப் பதில் ஒரு தூக்குச்சட்டி வரைந்தேன். அப்புறம், கூட வேலை செய்கிற நாலு பேரை அவர் வீட்டு வாசலிலேயே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். வேர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே வண்டியில் ஏற்றுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அந்த அக்கா கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். "கங்காணிக்குத் தெரிய வேணாம்மா, நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாக." இதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். கூலி போய்விடும் என்ற பயம் உள்ளவரிடம் 'எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் பெட்டிக்கு அடியில்தான் போகும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. அதனால் இப்போது யாரைப் பதிவு செய்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, ஜீப்பு எத்தனை மணிக்கு?

*

வண்டிப்பெரியாறு பக்கம், வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்:

அக்கா, நீங்கள் சொன்ன கவரை என் கண்ணாலேயே பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்ட லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கேரளாவில் 2008லேயே வலி தணிப்புக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டதால் பஞ்சாயத்து வண்டியில் வீடு வீடாகப் போகிறோம். லயத்தில் ஒரு பாட்டிக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்து, படுக்கையில் இருந்தார். ஒரு ராத்திரி மறுபடி வாய் கோணியது. கோட்டயம் இங்கிருந்து ரொம்பத் தூரம், சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்பத்தில். மலை இறங்கிக் கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே நோட்டைக் காட்டினால், நான் எழுதியது எல்லாம் மலையாளம். எப்போது கடைசியாக நன்றாகப் பேசினார் என்று கேட்டதற்குக் கூடப்போன பேரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. அந்தக் கணக்கு தொடங்குகிற இடமே இந்தக் கேள்விதான். பாட்டி பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு திரும்பவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதுகிறேன். என்ன வியாதி, என்ன மாத்திரை, எதற்கு ஒவ்வாமை, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி மலைக்கு மேலே எது, கீழே எது. மாத்திரைப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எழுதிவிடுவேன்.

*

கம்பம், ஜீப்பு ஓட்டுகிறவர்:

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறேன். மேலே பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் எந்த மாநில டவர் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்து 108க்குப் போகும். எங்கே இருக்கிறோம் என்று புரிய வைப்பதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் எங்கள் பக்கம் பல நேரம் ஜீப்புதான் ஆம்புலன்ஸ். ஒரு தடவை மயங்கிய அம்மாவுக்கு நானே சோடா ஊற்றப் பார்த்தேன். ஊற்றக்கூடாது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கூட இருந்தவர்கள் தடுத்ததால் பிழைத்தோம். என் வண்டியில் சீனி டப்பா வைக்கிறேன். வேறு என்ன வைக்கலாம், நர்ஸம்மா?

*

கம்பம் செவிலியர்:

அண்ணே, சீனி டப்பா போதும், மழையில் நனையாமல் மூடி இறுக்கமாக இருக்கட்டும். கூட ஒரு சுத்தமான தண்ணீர் பாட்டில். உங்கள் வண்டியில் வருகிறவர்களில் யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர் என்று நீங்கள் கேட்க வேண்டாம், உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு ஓடாது இல்லையா? எந்தத் தெருவில் ஆள் ஏற்றுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சுகர், பிரஷர் பார்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.