ஒரே சிறுமியைப் புத்தகம் முழுக்க ஒரே சிறுமியாக வரைவது எப்படி?

ஈரத்தூரிகை கேட்டது:

வணக்கம். எனக்கு 36 வயது. பகலில் கணக்கு எழுதும் வேலை, இரவில் படம். பத்து வருடமாகத் தனித்தனிப் படங்களாக வரைந்து இணையத்தில் போட்டுவருகிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பதிப்பகம் என்னிடம் ஒரு முழுப் படப்புத்தகத்தைக் கொடுத்திருக்கிறது. 32 பக்கம். கதையில் ஒரு சிறுமி, ஒரு கிழட்டு நாய், காணாமல் போன ஒரு செருப்பு. அவ்வளவுதான்.

உற்சாகத்தில் ஆறு படங்களை வண்ணம் வரைக்கும் முடித்து அனுப்பிவிட்டேன். எடிட்டரிடமிருந்து வந்த பதில்: “ஆறும் அழகு. ஆனால் ஆறு படத்திலும் ஆறு சிறுமிகள் இருக்கிறார்கள்.” வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். உண்மைதான். மூன்றாவது படத்தில் அவளுக்கு எட்டு வயது, ஐந்தாவதில் நான்கு. நாய் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே நாய். அது எங்கள் வீட்டு நாய் என்பதால் இருக்கலாம்.

இதை எப்படிச் சரிசெய்வது? அப்புறம், ஒப்பந்தத்தில் “படங்களின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே” என்று இருக்கிறது. அப்படித்தான் இருக்குமா? கடைசியாக ஒரு அசட்டுக் கேள்வி: 36 வயதில் இந்தத் தொழிலுக்குள் வருவது ரொம்பத் தாமதமா?

காகிதப்பூனை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எனக்கு வரைய வராது, நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பீட்ரிக்ஸ் பாட்டர் பிறந்தது 1866-இல். தன் முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பவே, 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி அச்சிட்டார். அடுத்த வருடம்தான் ஒரு பதிப்பகம் அதை வண்ணத்தில் போட்டது. எரிக் கார்ல் பிறந்தது 1929-இல், பேர் சொல்லும்படியான முதல் படப்புத்தகம் வந்தது 1967-இல். அதுவரை விளம்பரத் துறையில் இருந்தார். ஒரு விளம்பரத்துக்கு அவர் செய்திருந்த சிவப்பு நிறச் சிங்கி இறாலைப் பார்த்துத்தான் அந்தப் புத்தகத்தின் எழுத்தாளர் தேடி வந்தார். கணக்குப் போடுவதுதான் உங்கள் வேலை, நீங்களே கழித்துப் பாருங்கள்.

கரித்துண்டு எழுதியது:

23 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். உங்கள் எடிட்டர் நல்லவர், விட்டுவிடாதீர்கள். என் முதல் எடிட்டர் இதைச் சொல்லவே இல்லை. என் முதல் புத்தகத்தில் ஒரு பையன் ஒன்பதாம் பக்கத்தில் தூங்கி, பத்தாம் பக்கத்தில் வேறு ஆளாக எழுந்திருக்கிறான்.

முதலில் வண்ணத்தை மூடி வையுங்கள். நீங்கள் ஆறு படம் வரைந்திருக்கிறீர்கள், புத்தகத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை. எட்டுத் தாளை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம் வந்துவிடும். அதுதான் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம். (ஏன் 32 என்று எல்லாரும் கேட்பார்கள். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம். அச்சகத்தில் அதை ஒரு ஃபாரம் என்பார்கள். இரண்டு ஃபாரம், ஒரு புத்தகம்.) தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது 12-இலிருந்து 14 ஸ்ப்ரெட் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு ஸ்ப்ரெட்). அதில் பென்சிலால், குச்சி மனிதர்களாகவே, கதை முழுவதையும் போடுங்கள். மோசமாகப் போடுங்கள். மோசமான படத்தைக் கிழிக்க மனசு வரும். மூன்று நாள் உட்கார்ந்து வண்ணம் தீட்டியதைக் கிழிக்க வராது, அதனாலேயே தப்பு தப்பாகவே புத்தகத்துக்குள் போய்விடும்.

சரி, சிறுமி. நீங்கள் முகத்தைப் பார்த்து முகத்தை வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். குழந்தையின் வயது மூக்கிலும் கண்ணிலும் மட்டும் இல்லை, தலைக்கும் உடம்புக்கும் உள்ள கணக்கில் இருக்கிறது. வளர்ந்தவர் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை உயரம். எட்டு வயதுக் குழந்தை ஆறு தலையை ஒட்டி இருக்கும். நான்கு வயது ஐந்தைத் தொடும். உங்கள் மூன்றாவது படத்தில் தலையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருப்பீர்கள், அவள் உடனே பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள். “இவள் ஐந்து தலை” என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது நான் இன்றுவரை செய்வது: களிமண்ணில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு தலை. அழகாக இருக்க வேண்டியதில்லை. நெற்றி எவ்வளவு முன்னால் வருகிறது, கன்னம் எங்கே உப்புகிறது, காது எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது, இது தெரிந்தால் போதும். மேசை விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பினால், கீழிருந்து பார்க்கும்போது தாடையும் மூக்கும் எப்படி இருக்கின்றன என்பது தெரியும். கற்பனையில் அது கிடைக்காது. எல்லாரும் முகத்தை முக்கால் பக்கமாகவே வரைவது இதனால்தான், மற்ற கோணமெல்லாம் பயம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் உண்மையான விடை நாயிடம்தான் இருக்கிறது. அந்த நாய் எப்படிப் படுக்கும், எந்தக் காலைத் தூக்க யோசிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிறுமியைத் தெரியாது. கதையில் இல்லாததை வரையுங்கள். திட்டு வாங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வாள்? பொய் சொல்லும்போது? செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டுவாள்? இருபது, முப்பது ஸ்கெட்ச் போட்டால் அவளே உங்களைத் திருத்துவாள், “நான் இப்படி உட்கார மாட்டேன்” என்று.

எழுத்தில் இருப்பதையே திரும்ப வரையாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “அவள் செருப்பைத் தேடினாள்” என்று எழுத்து சொல்லிவிட்டது. தேடுகிற சிறுமியை மட்டும் வரைந்தால் படம் கூலிக்கு மாரடிக்கிறது என்று அர்த்தம். செருப்பு யாரிடம் இருக்கிறது என்று படத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துக்கு அது தெரியவே கூடாது. படிக்கத் தெரியாத குழந்தை மடியில் உட்கார்ந்து பார்க்கும், பெரியவர் படித்துக்கொண்டிருப்பார். பெரியவருக்கு முன்னால் குழந்தை கண்டுபிடித்துவிட்டால் அந்தப் புத்தகத்தை நாற்பது தடவை கேட்கும்.

பக்கத்தின் அளவும் கதை சொல்லும். மாரிஸ் சென்டாக் 1963-இல் செய்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ கிடைத்தால், படிக்காமல் படங்களின் அளவை மட்டும் பாருங்கள். முதல் படம் பக்கத்தின் நடுவில் சின்னக் கட்டம். பையனின் கற்பனை வளர வளரப் படமும் வளர்கிறது, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது, ஒரு கட்டத்தில் மூன்று ஸ்ப்ரெட்டுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு சுருங்க ஆரம்பித்து, கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. (முதலில் அது காட்டுக்குதிரைகளைப் பற்றிய புத்தகமாக இருக்க வேண்டியது. குதிரை கைக்கு வரவில்லை என்றுதான் அந்த விநோத ஜந்துக்களாக மாற்றினார். நமக்கெல்லாம் இதில் ஒரு ஆறுதல்.)

இன்னொன்று, என் கண்ணீரிலிருந்து. மூன்றாவது புத்தகத்தில் ஒரு பாட்டியும் பேரனும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி ஒரு ஸ்ப்ரெட் செய்தேன். திரையில் இரண்டு பக்கமும் ஒரே படமாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் போட்ட நல்ல படம் அது. அச்சாகி வந்ததும் திறந்தேன். மடிப்புக்குள் இரண்டு மூக்கும் போய்விட்டன. ஒரு வாசிப்பு நிகழ்ச்சியில் முன்வரிசையில் இருந்த குழந்தை, “இவங்க ரெண்டு பேருக்கும் ஏன் மூக்கு இல்லை?” என்று சத்தமாகக் கேட்டது. அன்றிலிருந்து முகமோ கையோ எழுத்தோ எதுவும் நடு மடிப்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வருவதில்லை. வெளி ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓட விடுங்கள். திரையில் மின்னுகிற பச்சையும் ஊதாவும் அச்சகத்தின் நான்கு மையில் வராது, அச்சுப் ப்ரூஃப் (மாதிரி அச்சு) பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

கணக்கு வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஒரு புத்தகம் எனக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும், பணம் அந்த வேகத்தில்கூட வராது. முதல் எட்டு வருடம் நான் பாடப்புத்தகத்துக்கு இதயத்தின் குறுக்குவெட்டும் இலையின் நரம்பும் வரைந்துதான் வாடகை கட்டினேன். உரிமை விஷயத்தை வேறு யாராவது சொல்லுங்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

பென்சில்_டப்பா எழுதியது:

நான் சொல்கிறேன், என் பெயரே அதற்குச் சாட்சி. 19 வயதில் ஒரு குட்டி யானையை வரைந்து, ஒரு தொகைக்கு, “அனைத்து உரிமைகளும்” என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். புத்தகம் சுமாராகத்தான் போனது. யானை பென்சில் டப்பாவிலும் தண்ணீர் பாட்டிலிலும் பிரமாதமாகப் போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை, அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மகளுக்கு அந்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கினேன்.

உரிமையை விற்பதும் உரிமம் கொடுப்பதும் வேறு. உரிமம் என்றால் இந்தப் புத்தகத்துக்கு, இந்த மொழிக்கு, இத்தனை வருடத்துக்கு என்று சொல்லிக் கொடுப்பது. படம் உங்களுடையதாகவே இருக்கும். பொம்மை, சட்டை, அனிமேஷன் எல்லாம் தனி. அதைத்தான் கேளுங்கள். மறுத்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள், குறைந்தது பொம்மை வகையறாவையாவது வெளியே எடுங்கள். ராயல்டி (விற்பனையில் உங்கள் பங்கு) தருவதாகச் சொன்னால், அட்வான்ஸ் அதில் கழியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்வான்ஸ் தொகை அளவுக்கு ராயல்டி சேரும்வரை மேற்கொண்டு ஒரு காசு வராது. மொத்தத் தொகையாக ஒரே தடவை கொடுப்பதிலும் தப்பில்லை, ஆனால் அதற்கு உரிமையையும் சேர்த்துக் கேட்டால் தொகை அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்ப வர வேண்டும். அசல் ஓவியம் உங்களுக்கே. எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதை எண்ணில் எழுதுங்கள், “திருப்தியாகும் வரை” என்று இருந்தால் யாருடைய திருப்தி என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஈரத்தூரிகை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். களிமண் தலை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது, ஆனாலும் வேலை செய்கிறது. அவள் பொய் சொல்லும்போது ஒரு காலால் இன்னொரு காலின் பின்பக்கத்தைச் சொறிவாள் என்று தெரிந்துவிட்டது. டம்மியை இரண்டு முறை கிழித்தேன். செருப்பு ஆரம்பத்திலிருந்து நாயின் வயிற்றுக்கு அடியில்தான் இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துளி வார் மட்டும் தெரியும். எடிட்டர் அதற்குச் சிரிப்பு இமோஜி ஒன்று அனுப்பினார். ஒப்பந்தத்தில் பொம்மை, சட்டை வகையறா வெளியே வந்துவிட்டது, அசல் ஓவியமும் எனக்கே. உரிமை விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது.

அந்தப் பழைய ஆறு படத்தையும் என்ன செய்ய? தூக்கிப்போட மனசு வரவில்லை.

கரித்துண்டு எழுதியது:

போடாதீர்கள். மூன்றாவது படத்தில் இருக்கிற எட்டு வயதுக்காரி மேல் எனக்கு ஒரு கண். எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், நம் ஆளுக்கு ஒரு அக்கா இருந்தால் பரவாயில்லையா என்று. எழுத்தில் வர வேண்டாம். ஜன்னலில் நின்று, செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்கட்டும்.