உதவி தேவை: உயரம் தாழ்த்தப்பட்ட பழைய லான்சர் கார், அலைன்மென்ட் செய்த பிறகும் இடப்பக்கம் இழுக்கிறது

சேலத்துலான்சர்:
வணக்கம். என் வண்டி நேரான சாலையிலும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது. முன் டயர்களில் ஒன்று மிக விரைவாகத் தேய்ந்துவிட்டது. வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் வேலை, பலமுறை பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் திரையில் பச்சை வந்துவிட்டது, இனிக் குறை இருக்காது என்று சொல்லித்தான் கடையில் அனுப்புகிறார்கள். தாழ்த்திய வண்டி என்றால் இப்படித்தான் இருக்குமா? வாரக் கடைசியில் குடும்பத்துடன் வெளியூர் செல்லவேண்டியிருப்பதால், யாராவது விரைவாக வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

அச்சாணி:
நண்பரே, இவ்வளவு விவரத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. எந்த ஆண்டு வண்டி? எவ்வளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது? தாழ்த்துவதற்கென்றே வரும் ஸ்பிரிங் போட்டிருக்கிறதா, பழைய ஸ்பிரிங்கையே வெட்டியிருக்கிறார்களா? தேய்ந்தது எந்தப் பக்க டயர், அதன் உள்விளிம்பா வெளிவிளிம்பா? அலைன்மென்ட் கடையில் கொடுத்த அச்சுத்தாள் இருந்தால் அதிலுள்ள எண்களை அப்படியே இங்கே எழுதுங்கள்.

டயர்ப்பித்தன்:
எனக்கு இது டயர்க் கோளாறாகவே தோன்றுகிறது. டயரின் உள்கட்டமைப்பு ஒரு பக்கமாகச் சற்றே கூம்பியிருந்தால், எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் வண்டி இழுக்கத்தான் செய்யும். முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது, மாறாவிட்டால் வேறிடத்தில் தேடலாம். செலவில்லாத சோதனை என்பதால் இதைத்தான் முதலில் செய்யவேண்டும்.

பழையஇரும்பு:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. தம்பி, 1998-இல் திருவள்ளூர் ஆலையில் லான்சர் தயாராகத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வண்டியை எனக்குத் தெரியும். அதன் சஸ்பென்ஷன் ஒரு குறிப்பிட்ட உயரத்திற்காக வடிவமைக்கப்பட்டது. ஸ்பிரிங்கை வெட்டி அந்த உயரத்தைக் குலைத்துவிட்டு, பிறகு அலைன்மென்ட் நிற்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

சாலைவாசி:
நம் சாலைகள் நடுவில் உயர்ந்து இடப்பக்கம் சரிந்திருப்பதால் எந்த வண்டியும் சற்று இடப்பக்கம் போகத்தான் செய்யும். சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா?

சேலத்துலான்சர்:
வண்டி 2004 பெட்ரோல். சமதளத்திலும் இழுக்கிறது. டயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. தேய்ந்தது வலப்பக்க முன் டயர், உள்விளிம்பு. பழையஇரும்பு ஐயாவுக்கு: ஸ்பிரிங்கை நான் தொடவேயில்லை, வாங்கும்போதே வண்டி இப்படித் தாழ்ந்துதான் இருந்தது. முன் உரிமையாளர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. அச்சுத்தாளில் முன் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) இடம் மைனஸ் 1.2, வலம் மைனஸ் 2.3 என்று இருக்கிறது. டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழியம்.

அச்சாணி:
வாங்கும்போதே தாழ்ந்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பதில்களுக்கு வேலையே இருந்திருக்காது. போகட்டும், இப்போது நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே நிறையச் சொல்கின்றன.

வண்டியைத் தாழ்த்தினால் இரு பக்கமும் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும், அதாவது கேம்பர் மைனஸ் பக்கம் நகரும். ஆனால் அது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நகரவேண்டும். உங்கள் வண்டியில் 1.1 டிகிரி வேறுபாடு இருக்கிறது. கேம்பர் எந்தப் பக்கம் குறைந்த மைனஸாக இருக்கிறதோ அந்தப் பக்கமே வண்டி இழுக்கும் என்பதால், அது இடப்பக்கம் போவதும், அதிகம் சாய்ந்த வலச் சக்கரத்தின் உள்விளிம்பு தேய்வதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்றே தோன்றுகிறது. கடைக்காரர் பச்சை வந்துவிட்டது என்று சொன்னது பெரும்பாலும் டோவைக் குறித்ததாக இருக்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை ராடைத் திருகி டோவை எவரும் சரிசெய்துவிடலாம். கேம்பரைத் திருத்த, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாகத் தாங்கும் இவ்வகை ஸ்ட்ரட்டில் ஆலையிலிருந்து வரும்போது வசதி இருப்பதில்லை என்பதால், அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தாலும் பலர் அதைப் பற்றிப் பேசாமலேயே தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு தகவல்கள் வேண்டும். முதலாவது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். ஸ்பிரிங் இரண்டும் சமமாக வெட்டப்படாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, கடையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கே.பி.ஐ. என்ற கோணமும், அதாவது அதே அச்சின் பக்கவாட்டுச் சாய்வும், தாளில் வரும். நேரம் மிச்சம் என்று பல இடங்களில் இதைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

புஷ்மன்னன்:
இருபது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் நொந்துபோயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிற்கும்போது டோ சுழியமாக இருந்தாலும், ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆர்ம் நகர்ந்து டோ மாறிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வண்டியை ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்ட நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்கவேண்டும்.

பழையஇரும்பு:
உரிமையாளர் யாராக இருந்தால் என்ன, வெட்டிய ஸ்பிரிங் வெட்டிய ஸ்பிரிங்தான். மேலும் இது சட்டப்படியும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ எடுத்துப் படியுங்கள்.

சாலைவாசி:
அந்தப் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சான்றிதழில் ஸ்பிரிங்கின் உயரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, ஐயா?

பழையஇரும்பு:
2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிக்காமல் பேசக்கூடாது. உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாலைவாசி:
அந்த அபராதம் சட்டம் அனுமதிக்காத மாற்றத்திற்கு. எது அனுமதிக்கப்படாதது என்பதுதான் நம் வாதமே. நீங்கள் முடிவை முதலில் வைத்துக்கொண்டு பிரிவைத் தேடுகிறீர்கள்.

டயர்ப்பித்தன்:
சட்ட வாதத்திற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வெட்டினால் அது இன்னும் விறைப்பாகும், சக்கரம் தொங்கும்போது தான் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து கழன்று நகரவும் கூடும். ஆட்சேபிக்க அந்த இரண்டு காரணங்களே போதும், நீதிமன்றம் வரை போகவேண்டியதில்லை.

சேலத்துலான்சர்:
உயரம் இரு பக்கமும் சமமாகவே இருக்கிறது. ஸ்பிரிங்கின் நுனி கட்டிங் மிஷினில் அறுத்ததுபோல் இல்லை, இரண்டும் ஒரே நிறத்தில் புதிதாக இருக்கின்றன. வேறு கடையில் கேஸ்டர் எடுத்தேன். கேஸ்டர் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. கே.பி.ஐ. இடம் 13.2, வலம் 13.1. கேம்பர் மாறவில்லை.

அச்சாணி:
நல்லது, இனி ஊகத்திற்குப் பெரிதாக இடமில்லை. கே.பி.ஐ.யையும் கேம்பரையும் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் 13.2-இல் 1.2 போக 12.0, வலப்பக்கம் 13.1-இல் 2.3 போக 10.8. சஸ்பென்ஷனைத் தாங்கும் முன் சப்ஃபிரேம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் கே.பி.ஐ.யும் கேம்பரும் சேர்ந்து மாறியிருக்கும், இந்தக் கூட்டுத்தொகை மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே நின்றிருக்கும். உங்கள் வண்டியில் கே.பி.ஐ. சமமாக இருந்தும் கூட்டுத்தொகை வேறுபடுகிறது. ஆகவே வலப்பக்க ஸ்ட்ரட்டோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ வளைந்திருக்கவேண்டும். தாழ்ந்த வண்டியில் சஸ்பென்ஷன் மேலே போக இடம் குறைவு என்பதால், ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்தாலே, அதன் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் வரை அடித்துவிடும்.

இரண்டில் எது என்று பார்க்க எளிய வழி உண்டு. ஸ்ட்ரட்டின் மேல் நட்டைச் சற்றுத் தளர்த்தி, நடுத்தண்டை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். சக்கரத்தின் மேற்பகுதி உள்ளும் வெளியும் அசைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. அசையாவிட்டால் ஸ்ட்ரட்டின் குழாயையும் நக்கிளையும் கழற்றி இடப்பக்கத்துடன் ஒப்பிடவேண்டும். கேம்பர் போல்ட் போட்டு இதை மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வளைந்ததை மாற்றிய பிறகு இரு பக்கமும் சமமாக மிஞ்சும் மைனஸைக் குறைக்கவே அந்த போல்ட் பயன்படவேண்டும். கேம்பரைத் தொட்டால் டோவும் மாறும் என்பதால், பின்சக்கரங்களையும் முன் கேம்பரையும் முடித்துவிட்டு முன் டோவைக் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள்.

புஷ்மன்னன்:
ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள். நான் சொன்னது வீண்போகாது.

பழையஇரும்பு:
தாழ்த்தியதால்தான் ஸ்ட்ரட் வளைந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?

அச்சாணி:
அதை நான் மறுக்கவேயில்லை, ஐயா. ஆனால் வளைந்த ஸ்ட்ரட்டை அப்படியே விட்டுவிட்டுப் பழைய ஸ்பிரிங்கை மட்டும் போட்டிருந்தால், வண்டி உயர்ந்திருக்கும், இழுப்பு போயிருக்காது.

சேலத்துலான்சர்:
வலப்பக்க ஸ்ட்ரட்டின் தண்டு வளைந்திருந்தது. முன் ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றியாயிற்று. இழுப்பு நின்றுவிட்டது. அனைவருக்கும் நன்றி.

அச்சாணி:
மகிழ்ச்சி. புதிய அச்சுத்தாளில் கேம்பர் இரு பக்கமும் எவ்வளவு வந்தது? மைனஸ் 1.2-க்கு அருகில் சமமாக இருந்தால், டோ சரியாக இருக்கும் வரை அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உள்விளிம்பு தேய்ந்த டயரில் கம்பி தெரியத் தொடங்கியிருந்தால் வெளியூருக்கு அதைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம்.

புஷ்மன்னன்:
புஷ் எப்படி இருந்தது என்று சொல்லவேயில்லையே?