1983-க்கு முன்பு உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

இலங்கைப் போரைப் பற்றிப் பேச்செடுத்தாலே 83 ஜூலைக் கலவரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் உங்கள் குடும்பம் பட்டதை எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

*கொக்குவில், யாழ்ப்பாணம்*

அப்பா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். 1956-ல் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களச் சோதனையில் தேற வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அப்பா எழுத மறுத்தார், சம்பள உயர்வு நின்றது. 57-ல் பிரதமர் பண்டாரநாயக்காவுக்கும் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர் அவர். அடுத்த ஆண்டே பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து பிரதமர் அதைக் கைவிட்டார். கொஞ்ச நாளில் கலவரம். கப்பலில் ஏற்றித்தான் எங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள்.

ஆனால் எங்கள் வீட்டை உடைத்தது 1971. அந்த ஆண்டு மருத்துவம் படிக்கத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். அண்ணா 240-ஐத் தாண்டியிருந்தார். றிசல்ட் துண்டின் பின்பக்கத்தில் நாலு பாடத்தையும் பென்சிலால் எழுதித் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. பின்னாளில் இயக்கங்களுக்குப் போன பெடியள் பலர் அண்ணாவோடு படித்தவர்கள்.

*கூடலூர், நீலகிரி*

நீங்கள் 56-லிருந்து தொடங்குகிறீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த எங்களுக்கு 1948-லேயே முடிந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் போட்டு, மலையகத்தில் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்து ஓட்டும் போனது. தோட்டத் தொழிலாளி இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போடுகிறான் என்ற பயமும் அதில் இருந்தது. இதை எதிர்த்துத்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சி கண்டார்.

1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட், மாமாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் மாமா ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே ஓடிவந்தாராம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இங்கே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோம். மறுபடியும் கொழுந்துதான்.

*மன்னார்*

கொக்குவில் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மொழியைப் பார்த்துப் புள்ளி வைத்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் 1974-ல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில்தான் என் சித்தப்பாவுக்குப் பொறியியல் கிடைத்தது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒழுங்கான விஞ்ஞான கூடம்கூட இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளோடு எங்கள் பிள்ளைகள் எப்படிப் போட்டி போடுவது? தெற்கில் கிராமத்துச் சிங்கள இளைஞர்களுக்கும் இதே கோபம் இருந்தது. படித்தும் வேலையில்லாத அவர்கள்தான் 1971-ல் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தோடு அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். பள்ளிகளைக் கூட்டாமல், இருந்த சில இடங்களுக்கு இனத்தோடு இனத்தை மோதவிட்டதுதான் என்னால் மன்னிக்க முடியாத குற்றம்.

சித்தப்பா தனிநாடு கேட்டவர் இல்லை. 1977 தேர்தல் முடிந்த கையோடு, ஓகஸ்ட் கலவரத்தில் கம்பஸிலிருந்து உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தார், கொழும்பில் வேலையும் எடுத்தார். 83-ல் அவர் இருந்த வாடகை வீட்டை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம்தான் அவரைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. இன்றைக்கும் அவர்களோடு போனில் பேசுகிறார். கொழும்புக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார்.